கீழக்கரை – மண்டபம் பக்கம் ஒரு மாதக் களப்பயிற்சி: கால்நடை மருத்துவ மாணவிக்கு எங்கே, யாரிடம்?

பெரியபட்டினம்_மாணவி | செப்டம்பர் 14

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் நாலாம் வருஷம் படிக்கிறேன். தேர்வு முடிந்து ஐப்பசிக் கடைசியில் ஒரு மாசத்துக்குக் கிட்ட லீவு கிடைக்கும். அதை வீட்டில் உட்கார்ந்து கழிக்க மனசு இல்லை.

அமெரிக்காவில் கடைசி வருஷ மாணவர்கள் இரண்டு வாரம், நாலு வாரம் என்று வெளி மருத்துவர்களிடம் போய் நின்று பழகுகிறார்கள், அதை எக்ஸ்டர்ன்ஷிப் என்கிறார்கள். நமக்குப் பாடமெல்லாம் முடித்த பிறகுதான் ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். அதுவரை காத்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கல்லூரியில் ஒரு பசுவைச் சுற்றி இருபது பேர் நிற்கிறோம். நம் முறை வருவதற்குள் மாடு மிரண்டுவிடும், இல்லையென்றால் அடுத்த வகுப்பு வந்துவிடும்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாப்பா ஒரு கிடா வளர்த்தார். பெருநாளுக்கு நாலு நாள் முன்னால் ராத்திரி முழுக்க அது முக்கிக்கொண்டே இருந்தது. வயிறு கட்டியிருக்கிறது என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். சுபுஹு நேரத்தில் செத்துப்போனது. வீட்டில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். “டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை.”

கடல் பிராணிகள் மேலும் எனக்கு ஆசை உண்டு. ஆமை, ஆவுளியா (கடற்பசு) இவற்றுக்கு வைத்தியம் பார்க்கிற இடம் மண்டபம் பக்கம் இருந்தால் அங்கே சேர முடியுமா? இல்லை தனியார் கிளினிக்கா, அரசு மருந்தகமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | செப்டம்பர் 14

உங்க கிடாவுக்கு வந்தது மலச்சிக்கல் இல்லைம்மா. கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தோன்றுவது கல்லடைப்பு. அதைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். நான் எங்கே போகலாம் என்பதற்கு வருகிறேன்.

அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. உங்க ஊருக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுவே போதும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், ஒரு மாசத்தில் ஆடு, மாடு, கோழி, நாய் என்று இத்தனையும் ஒரே வாசலுக்கு வருகிற இடம் வேறு கிடையாது. கல்லூரியிலிருந்து முதல்வர் கடிதம் வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்தில் கால்நடைத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்க. அங்கிருந்து அனுமதி வந்தால் மருந்தகத்து டாக்டருக்கும் தெம்பாக இருக்கும். கடிதம் இல்லாமல் “சும்மா வந்து பார்க்கிறேன் சார்” என்று போய் நிற்காதீங்க. மாடு உதைத்துக் கை முறிந்தால் யார் பொறுப்பு என்று அவர் யோசிப்பார், அது நியாயமும்கூட.

நீங்க வருகிற மாசம் நல்ல மாசம். வடகிழக்குப் பருவமழை இறங்கி, கண்மாயில் தண்ணீர் ஏறி, கொசுவும் உண்ணியும் ஈயும் பெருகுகிற நேரம். நீலநாக்கு நோய் செம்மறியை அடிக்கிற பருவம் அதுதான். கியூலிகாய்டஸ் என்கிற பொடிக் கொசு பரப்புகிற வைரஸ். உதடு வீங்கும், முகம் வீங்கும், மூக்கில் சளி கட்டும், குளம்புக்கு மேல் விளிம்பு சிவந்து நொண்டும். ஆட்டுக்கொல்லி நோயிலும் காய்ச்சல், சளி, வாய்ப்புண் உண்டு. ஆனால் அதில் கழிச்சல் கூடவே வரும், வாயில் நாற்றம் தூக்கும், வெள்ளாடுதான் பெரும்பாலும் முதலில் படுக்கும். இரண்டையும் புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் படிக்கும்போது எளிது. மழையில் நனைந்த நூறு ஆட்டுக்கு நடுவில் நின்று பிரித்துப் பார்ப்பது வேறு. இந்தியாவில் ஆட்டுக்கொல்லியை முதன்முதலில் அடையாளம் கண்டதே நம் தமிழ்நாட்டில்தான், 1987-இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அதுவரை செம்மறி, வெள்ளாட்டில் வந்ததையெல்லாம் மாட்டு வெக்கை என்றே எழுதிக்கொண்டிருந்தோம். கண் பழகவில்லையென்றால் எதிரில் நிற்கிற நோய்க்கே பெயர் மாறிப்போகும்.

---

உச்சிப்புளி_ராஜா | செப்டம்பர் 15

சம்பளம், சாப்பாடு ஏதாவது கொடுப்பார்களா சார்? என் தம்பியும் இதே படிப்புதான்.

---

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | செப்டம்பர் 15

இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை உண்டு. இப்படி இடையில் போகிற பயிற்சிக்குக் கிடையாது. பஸ் காசு உங்களுடையது. டாக்டர் வீட்டில் டீ கிடைக்கும்.

---

கரையோரக்_காவல் | செப்டம்பர் 15

ஆமை ஆசைக்கு நான் பதில் சொல்கிறேன். தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை முட்டை தேடி விடியற்காலை நடக்கிறவர்களில் நானும் ஒருவன்.

தங்கச்சி, உங்க ஆசையைக் கெடுக்க வரவில்லை. ஆனால் கடலாமை, ஆவுளியா இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கரை ஒதுங்கிக் கிடந்தாலும் வனத்துறை வராமல் யாரும் தொடக் கூடாது, கால்நடை மருத்துவரும் சேர்த்துத்தான். செத்து ஒதுங்கினால் வனத்துறையினர் முன்னிலையில் அரசு கால்நடை மருத்துவர் வந்து உடற்கூறு பார்ப்பார், பிறகு கரையிலேயே புதைப்போம். உயிரோடு வருவதைவிட உயிரற்று வருவதே அதிகம். படுக்கை போட்டு ஆமைகளை வரிசையாக வைத்து வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியை மனசில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீங்க.

ஆனால் வழி அடைபடவில்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. 21 தீவுகளும் 1986-லிருந்து அந்தப் பூங்காவுக்குள். கல்லூரி வழியாக எழுதிக் கேளுங்க. முட்டை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிற பருவம் தை, மாசி. நீங்க வருவது அதற்கு முன்னால். அதனால் இந்தத் தடவை மருந்தகத்தைப் பிடியுங்க, தையில் இரண்டு சனி ஞாயிறு எங்களோடு நடக்க வாங்க. உடற்கூறு பார்க்க வருகிற டாக்டரும் அதே மருந்தகத்து டாக்டர்தான் என்பதை மறக்காதீங்க. ஒரு பேராமையின் தொண்டையில் நைலான் நரம்பு வலை சிக்கியிருந்ததை அவர் வெட்டி எடுத்துக் காட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஆட்டு வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் எடுத்துப் பழகிய கைதான் அது.

---

திண்டாடியவள் | செப்டம்பர் 16

அரசு மருந்தகம், தனியார் கிளினிக் எதுவானாலும் சேருவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்க: “என்னை என்ன செய்ய விடுவீங்க?”

மூணு வருஷம் முன்னால் நான் ஒரு பெரிய ஊரில் நாய், பூனை பார்க்கிற கிளினிக்கில் ஒரு மாசம் இருந்தேன். முதல் வாரம் பில் போட்டேன். இரண்டாம் வாரமும் பில் போட்டேன். கூண்டு கழுவினேன். கூண்டு கழுவுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, நோயாளியின் மூத்திரமும் மலமும் அங்கேதான் தெரியும். ஆனால் மாசம் முடியும்போது ஒரு நாயின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நான் கேட்டதை யாரும் சரியா தப்பா என்று சொன்னதில்லை. கடைசி நாள் சான்றிதழில் “சிறப்பாகப் பணியாற்றினார்” என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை இன்னும் எந்த இடத்திலும் காட்ட மனசு வரவில்லை.

கற்றுக்கொடுக்கிறவருக்கு நேரம் இருக்கிறதா, கேள்வி கேட்டால் எரிச்சல்படுகிறாரா என்று முதல் நாளே தெரிந்துவிடும். மூணாம் நாளும் தெரியவில்லையென்றால் வேறு இடம் பாருங்க. லீவு உங்களுடையது.

---

ராம்நாடு_கிளினிக் | செப்டம்பர் 16

மேலே சகோதரி எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. நான் ராமநாதபுரத்தில் தனியாகத் தொழில் பார்க்கிறேன். மாணவர்களை வைத்துக்கொள்வது எங்களுக்கும் சுமைதான், ஒரு நாய்க்குப் பத்து நிமிஷம் ஆகிற இடத்தில் இருபத்தைந்து நிமிஷம் ஆகும், வெளியே ஆள் காத்திருப்பார்கள். அதற்காக அவர்களைக் கவுண்ட்டரில் உட்கார வைப்பது சரியில்லை. நேரம் இல்லையென்றால் “இந்த மாசம் வேண்டாம்” என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பெரியபட்டினம் தங்கச்சி, உங்க கிடாவுக்கு வருவோம். ஒவ்வொரு வருஷமும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின இரண்டு வாரம் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்து எனக்கு இதே போன்தான். கிடாவைப் புஷ்டியாக்க வேண்டும் என்று கம்பு, அரிசி, மக்காச்சோளம், தவிடு என்று கொட்டுவோம். தானியத்தில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. இரண்டுக்கு ஒன்று என்கிற விகிதத்தில் சுண்ணாம்பு கூடுதலாக இருக்க வேண்டும், அது தலைகீழாகிவிடும். நம் பக்கத்துத் தண்ணீரோ உப்பு, வெயிலில் கட்டிப்போட்ட கிடா போதுமான அளவு குடிக்காது. மூத்திரத்தில் மணல் மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும். சின்ன வயசிலேயே விதை நசுக்கிய கிடாவுக்கு மூத்திரக் குழாய் சரியாக விரியாது, அதற்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வால் துடிக்கும், பல்லைக் கடிக்கும், பின்னங்காலை அகட்டி நிற்கும், கீழே சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வரவே வராது. குறியின் நுனி மயிரைத் தொட்டுப் பாருங்க, காய்ந்து மணல் ஒட்டியிருக்கும். முதல் சில மணி நேரத்துக்குள் வந்தால் ஆண்குறி நுனியில் புழு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன வால் இருக்கிறதே, கல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் சிக்கும், அதைக் கத்தரித்தாலே பல கிடாவுக்கு மூத்திரம் பீய்ச்சிக்கொண்டு வரும். இனப்பெருக்கத்துக்கும் அதனால் கெடுதல் இல்லை. ராத்திரி தாண்டினால் மூத்திரப்பை வெடித்துவிடலாம். விளக்கெண்ணெய் கொடுத்ததால் சாகவில்லை தங்கச்சி. நேரம் போனதால் செத்தது. அதை மனசில் சுமக்காதீங்க.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் என் இடத்துக்கும் வரலாம். நாய்க்கு ரத்தம் எடுப்பது, குளுக்கோஸ் ஊசி போடும் நரம்பைக் கண்டுபிடிப்பது இதெல்லாம் பழகலாம்.

---

கீதாரி_மகன் | செப்டம்பர் 17

நான் டாக்டர் இல்லை. அப்பா கிடை வைத்திருக்கிறார், முந்நூறு உருப்படி, ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறிதான் அதிகம், கொஞ்சம் கொடியாடு என்கிற வெள்ளாடும் உண்டு. திருப்புல்லாணி, ரெகுநாதபுரம், முத்துப்பேட்டை வரைக்கும் கிடை போடுவோம்.

படிக்கிற பிள்ளைகள் வருவதில் எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் இரண்டு விஷயம். ஊசி பழகுவதற்காக நோய் இல்லாத ஆட்டைப் பிடிக்காதீங்க. முந்தி ஒரு தடவை வந்த பையன்கள் மருந்து ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினார்கள். இரண்டு குட்டிக்குப் புரையேறி நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் அதுக்கப்புறம் ஒரு வருஷம் மருந்தகத்துப் பக்கமே ஆட்டை ஓட்டவில்லை.

இன்னொன்று, எங்களிடம் கேளுங்க. “எத்தனை நாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஊசியை எடுக்காதீங்க. எந்த ஆடு முதலில் பின்தங்கியது, எந்தக் கண்மாயில் தண்ணீர் குடித்தது, யார் கிடையோடு கலந்தது எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். கேட்டால்தானே சொல்லுவார்.

---

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | செப்டம்பர் 17

கீதாரி மகன் சொன்னது நூற்றுக்கு நூறு. மருந்து ஊற்றும்போது ஆட்டின் மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. இதைக் கல்லூரியில் ஒரு வரியாகச் சொல்லுவார்கள், அந்த ஒரு வரியின் விலை இரண்டு குட்டி.

அம்மா, ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்க. ஒவ்வொரு உருப்படிக்கும் ஆட்டுக்காரர் சொன்னதை முதலில் அவர் வார்த்தையிலேயே எழுதுங்க. “தொக்கமாட்டம் இருக்கு” என்றால் தொக்கம் என்றே எழுதுங்க, உடனே அஜீரணம் என்று மாற்றாதீங்க. அதற்குக் கீழே நீங்க தொட்டுப் பார்த்தது, அதற்கும் கீழே டாக்டர் சொன்னது. காய்ச்சல் பார்க்காமல் எதையும் எழுதாதீங்க. ஆட்டுக்கு 102 முதல் 103 டிகிரி வரை சாதாரணம், வெயிலில் ஓட்டி வந்ததென்றால் நிழலில் கட்டி அரைமணி கழித்துப் பாருங்க. கண்ணின் கீழிமையைப் புரட்டிச் சதை நிறத்தைப் பாருங்க, வெளுத்திருந்தால் வயிற்றுக்குள் ரத்தம் உறிஞ்சுகிற புழு. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும், ஐயாயிரம் புழு இருந்தால் கால் லிட்டர். மழைக்குப் பிறகு ஒரே நாளில் இருபது ஆட்டின் இமையைப் புரட்டினீங்கன்னா வெளுப்பில் எத்தனை படி இருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

---

பரமக்குடி_பாலு | செப்டம்பர் 18

மாணவர்கள் ஊசி போடலாமா? எங்கள் ஊரில் கல்லூரிப் பையன் ஒருவன் லீவில் வந்து காசு வாங்கிக்கொண்டு மாட்டுக்கு ஊசி போடுகிறான். “டாக்டர்” என்றே போர்டு.

---

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர் | செப்டம்பர் 18

கூடவே கூடாது. 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 30-ஆம் பிரிவு. பதிவு செய்த மருத்துவர்தான் தொழில் செய்யலாம். பதிவு பெற்ற டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்து பழகுவது படிப்பு. தனியாகப் போய்ச் செய்வது குற்றம், காசு வாங்காவிட்டாலும் குற்றம். அந்தப் பையனுக்கு யாராவது பெரியவர்கள் இன்றைக்கே சொல்லுங்க. வலிக்கு ஊசி என்று டைக்ளோஃபெனாக் போட்டுவிட்டுப் போவார்கள், 2006-லேயே கால்நடைக்குத் தடை செய்த மருந்து, பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த மருந்து.

---

பெரியபட்டினம்_மாணவி | செப்டம்பர் 18

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ராம்நாடு கிளினிக் அண்ணே, உங்கள் பதிலை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

முதல்வர் கடிதம் கேட்டிருக்கிறேன். கிடைக்கெல்லாம் பெண்பிள்ளை போனால் ஏதாவது சொல்லுவார்களா? உம்மாவுக்கு அந்தக் கவலை.

---

தொண்டி_டாக்டரம்மா | செப்டம்பர் 19

பதினொரு வருஷமாக இந்த மாவட்டத்தில் கால்நடை உதவி மருத்துவராக இருக்கிறேன். முதல் வருஷம் “டாக்டர் வரலியா?” என்று என்னிடமே கேட்டார்கள். ஒரு கஷ்டப் பிரசவம், குட்டி திரும்பிக் கிடந்தது, என் கை சின்னது, உள்ளே போய்த் திருப்ப முடிந்தது. அதிலிருந்து ஆடு ஈன முடியாமல் கிடந்தால் என்னைத்தான் தேடுகிறார்கள். உம்மாவிடம் இதைச் சொல்லுங்க. மருந்தகத்து வண்டியில், டாக்டரோடு, பகலில் போங்க. 1962 என்கிற நம்பருக்குப் போன் போட்டால் வருகிற நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியில் ஒரு நாள் போகவும் கேளுங்க, அதில் ஒரே நாளில் பத்து ஊர் பார்க்கலாம்.

வருவதற்கு முன்னால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். கடித்த பிறகு இல்லை, முன்கூட்டியே, மூணு ஊசி: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். இன்றைக்கு ஆரம்பித்தால்தான் ஐப்பசிக்குள் முடியும். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கிற மாட்டின் வாய்க்குள் “ஏதோ சிக்கியிருக்கு” என்று கையை விடுவது நம் வேலையில் சாதாரணமாக நடக்கிற தப்பு. அது வெறிநோயாகவும் இருக்கலாம். நஞ்சுக்கொடியோ விழுந்த கருவோ கையுறை இல்லாமல் தொடாதீங்க. புருசெல்லா என்கிற கிருமி தொற்றினால் மாசக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும். என்னோடு படித்தவர் ஒருவர் அதில் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான்.

ரப்பர் பூட்ஸ் வாங்குங்க. கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும்.

---

பெரியபட்டினம்_மாணவி | டிசம்பர் 6

அனுமதி கிடைத்தது, ஒரு மாசம் மருந்தகத்தில் இருந்தேன், நேற்றுதான் கடைசி நாள். சொல்ல நிறைய இருக்கிறது, இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரம் டாக்டர் என்னை எதையும் தொட விடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் நீதான் கேள்வி கேட்க வேண்டும், நான் ஓரமாக நிற்பேன் என்றார். நான் கேட்டு முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார், நான் விட்டது எப்போதும் அதுவாகத்தான் இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து வயிறு உப்பி ஒரு பசு வந்தது. தீனி என்ன, எத்தனை நாள், சாணி போட்டதா என்று எல்லாம் கேட்டேன். அவர் “நேத்து உங்க தெருவுல அன்னதானமா?” என்றார். ஆமாம், மிச்சச் சோற்றை ஓர் அண்டா நிறைய அதன் முன்னால் வைத்திருக்கிறார்கள். வயிற்றுத் தண்ணீரை எடுத்துத் தாளில் தொட்டோம், பிஎச் 5-தான், புளிப்பு ஏறியிருந்தது. சோடா உப்பும் குளுக்கோஸ் பாட்டிலுமாகச் சாயங்காலம் வரை நின்றோம். மறுநாள் அசை போட்டது.

இரண்டாவது, கீதாரி மகன் அண்ணன் கிடை. அவருடைய அப்பாவே மருந்தகத்துக்கு நடந்து வந்தார், ஆடு எதையும் கொண்டு வரவில்லை. அவர் சொன்னதை நோட்டில் இருந்து அப்படியே தருகிறேன்: “ராத்திரி கிடையில அசை போடுற சத்தம் கொறைஞ்சிருச்சு. மழை ஓஞ்ச அன்னிக்கும் கொறைவாத்தான் கேட்டுச்சு. எந்த ஆடுன்னு தெரியல, ஆனா எதுவோ வரப்போவுது.” நான் என்ன எழுதுவதென்று தெரியாமல் டாக்டரைப் பார்த்தேன். அவர் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

கிடைக்குப் போனபோது பார்வைக்கு எல்லா ஆடும் நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சல் பார்க்கச் சொன்னார். நாற்பது ஆட்டுக்குப் பார்த்தேன், ஒன்பதுக்கு 105-க்கு மேல். அடுத்த இரண்டு நாளில் அந்த ஒன்பதில் ஆறுக்கு உதடு வீங்கியது, குளம்பு விளிம்பு ரோஜா நிறத்தில் சிவந்தது. அதே கிடையில் கொடியாடுகளுக்கு ஒன்றும் இல்லை, கழிச்சலும் இல்லை. “சொல்லு” என்றார். நீலநாக்கு என்று சொன்னேன். குரல் நடுங்கியது. “எழுது” என்றார். ரத்தம் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பினோம். அந்த ரத்தத்தில் நாலு குழாய் நான் எடுத்தது.

வைரஸுக்கு நேராக மருந்து இல்லை என்று படித்திருக்கிறேன். ஆனால் செய்வதற்கு எவ்வளவு இருந்தது! தண்ணீர் கட்டிய இடத்திலிருந்து கிடையை மணல்மேட்டுக்கு மாற்றினோம். பொழுது சாய வேப்பிலை மூட்டம் போட்டார்கள். மேய முடியாத ஆட்டுக்குக் கேழ்வரகுக் கஞ்சி, மூக்கை உயர்த்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம். வாயைக் கழுவி கிளிசரின் தடவினோம். பின்னால் வருகிற நெஞ்சுச் சளிக்கு டாக்டர் ஊசி போட்டார், மூணாம் நாளிலிருந்து அவர் பார்த்துக்கொண்டு நிற்க நான் போட்டேன். இரண்டு செத்தது. நூறு போகும் என்று கீதாரி அப்பா நினைத்தாராம்.

ராம்நாடு கிளினிக் அண்ணே, உங்களிடம் வந்த கல்லடைப்புக் கிடா பற்றி வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அந்த வாலைக் கத்தரித்ததும் மூத்திரம் என் மேலெல்லாம் பீய்ச்சியது என்றதும் இத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தப் பேச்சில் சிரித்தார்.

---

கீதாரி_மகன் | டிசம்பர் 6

தங்கச்சி, அப்பா உங்களைக் கேட்டார். நெற்றியில் சுட்டி உள்ள அந்தப் பெட்டை ஆடு இன்னும் முழங்காலில்தான் மேய்கிறது, மற்றதெல்லாம் எழுந்துவிட்டது.

---

பெரியபட்டினம்_மாணவி | டிசம்பர் 7

குளம்பு வலி போக இன்னும் ஒரு வாரம் ஆகலாம் அண்ணே. ஈர மண்ணில் விடாதீங்க, காய்ந்த மணலில் கட்டி, தீனியைப் பக்கத்தில் கொண்டுவந்து போடுங்க. கல்லூரிக்குப் பஸ் ஏற இன்னும் மூணு நாள் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டேன், செவ்வாய்க்கிழமை அவரோடு வண்டியில் வருகிறேன்.